ஒரு அளவு சிறிய சப்பாத்து

ஹாஜராவுக்குத் தெரியாத வேலை குறைவு. வெல்வெட் துணி மடிப்பு விழாமல் சொங்கோக் தொப்பிக்கு உள்துணி தைப்பாள். ஒரு கட்டுக் கீரையும் ஒரு பிடி கருவாடும் இருந்தால் போதும், திடீரென்று வந்து நிற்கிற விருந்தாளிக்கும் வயிறாரச் சோறு போட்டு அனுப்புவாள். பினாங்கில் ஆயர் ஈத்தாம் பாசாரில் மீன்காரச் சீனரிடம் அவள் பேரம் பேசுகிற அழகைப் பார்த்துவிட்டு, அவரே சிரித்துக்கொண்டு ஒரு மீனைக் கூடப் போடுவார்.

பொய் சொல்ல மட்டும் வராது. வராது என்றால் அறவே வராது. சின்னதாக ஒன்று சொல்ல வாயெடுத்தாலும் வலது கை தானாக எழும்பி முக்காட்டு நுனியைப் பிடித்து இழுக்கும். விடும். மறுபடி இழுக்கும். எதிரில் நிற்பவர் அரை மூடராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

இப்பேர்ப்பட்டவள் தலையில்தான் அவள் புருஷன் ஷேக் அலாவுதீன் ஒரு பொய்யைக் கட்டி வைத்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறு வருஷம் அதை அவள் சுமந்தாள்.

அலாவுதீன் கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். டவுனில் ஒரு தொப்பிக் கடையில் சொங்கோக் வெட்டுகிற வேலை. காக்கிச் சட்டையைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிற சாது. ஆனால் மகள் விஷயம் என்று வந்தால் அவருக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்துவிடும்.

மகள் பெயர் ருக்கையா. ஒற்றைப் பிள்ளை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஹாஜராவைக் கப்பலேற்றி நாகூருக்கு அனுப்பினார்கள். முதல் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. பிள்ளை பிறந்தது, கப்பல் கிடைக்கவில்லை. கப்பல் கிடைத்தபோது ஹாஜராவின் உம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். இப்படி ஒன்று மாற்றி ஒன்று. நடுவில் இரண்டு முறை அலாவுதீன் வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் தாயும் மகளும் பினாங்குத் துறைமுகத்தில் இறங்கியபோது ருக்கையாவுக்கு எட்டு வயது நிறைந்திருந்தது.

மகளை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்று அலாவுதீனுக்குத் தீராத ஆசை. முதல் வகுப்புக்கு எட்டு வயசுப் பிள்ளையை எடுக்க மாட்டார்களாம். பிறந்த சீட்டு கையில் இல்லை. கோர்ட்டு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெட்டிஷன் எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பிள்ளையைப் பார்த்தார். ஊர்ச் சாப்பாட்டில் வளர்ந்த ஒல்லிக்குச்சி, முழங்கால் முட்டி தெரிகிற கவுன்.

"ஆறுன்னு போட்டுருவோமா பாய்?" என்றார் எழுத்தர்.

அலாவுதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "போடுங்க" என்றார். சத்தியக் கடிதத்தில் கையெழுத்தும் போட்டார்.

அத்தோடு முடிந்ததா? காகிதத்தில் ஒருநாள் எழுதின பொய்யை வீட்டில் தினமும் காப்பாற்ற வேண்டுமே! ருக்கையாவுக்குச் சடை இரண்டாகவே இருந்தது, கவுன் குட்டையாகவே இருந்தது. டவுனுக்குப் போகிற டிராமில் பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். நிஜ வயது அதைத் தாண்டின பிறகும் அவளுக்கு அரைதான். கண்டக்டர் சின்னையா பொல்லாதவர். தினமும் ஒரு பார்வை பார்ப்பார். ருக்கையா முழங்காலை மடக்கி, முதுகைக் கூனி, பலகைக்குள் புதைகிற மாதிரி உட்காருவாள்.

"என்னாக்கா, இன்னும் அரை டிக்கெட்டுதானா? பாப்பா வளர்றாளா, இல்ல டிராம் சின்னதாகிட்டு வருதா?"

"அரைதாண்ணே" என்பாள் ஹாஜரா. கை முக்காட்டுக்குப் போகும்.

இப்படியே போயிருந்தால்கூடப் பரவாயில்லை. சப்பாத்து வாங்கப் போன இடத்தில்தான் வினை வந்தது.

பள்ளிக்கூடத்தில் கறுப்புச் சப்பாத்து கட்டாயம். காகிதக் கணக்கில் ருக்கையாவுக்குப் பத்து வயது, நிஜத்தில் பன்னிரண்டு. சீனர் கடையில் சப்பாத்துக்காரர் அவள் காலை ஒரு தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். வரைந்ததைத் தூக்கிப் பார்த்தார். எத்தனை வயது என்று மலாயில் கேட்டார். பத்து என்றாள் ஹாஜரா.

"வாயோ! பத்து வயசுக்கு இந்தக் காலா? காக்கி புசார்லா!" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பெரிய கால் என்கிறார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். கடையில் அந்த நேரம் அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் தாய் ஒருத்தி இருந்தாள். அவள் ருக்கையாவின் காலைக் குனிந்து பார்த்தாள்.

ஹாஜரா அந்தத் தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தாள். முகத்தை மறைக்கலாம், வயதை மறைக்கலாம், இந்தக் காலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? "வேணாம், இது பெருசு. ஒரு அளவு சின்னதாக் குடுங்க" என்றாள். சப்பாத்துக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். வாங்குகிறவள் கேட்கிறாள், அவருக்கென்ன, கொடுத்துவிட்டார். அடுத்த வருஷம் கால் இன்னும் வளர்ந்தது. அந்த வருஷமும் ஹாஜரா ஒரு அளவு சின்னதையே வாங்கினாள். சின்னக் கால் உள்ள பிள்ளை சின்ன வயசுப் பிள்ளை என்று அவள் மனசு ஒரு கணக்குப் போட்டிருந்தது.

ருக்கையா வாயைத் திறக்கவில்லை. திறக்காமலிருக்கத்தான் அவளை ஆறு வருஷமாகப் பழக்கியிருந்தார்களே.

ஒருநாள் சாயங்காலம் பிள்ளை கால் கழுவும்போது ஹாஜரா தற்செயலாக எட்டிப் பார்த்தாள். வலது காலின் பக்கவாட்டில், மையும் ரத்தமும் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. பெருவிரல் பக்கத்து விரல்களின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் அடிமூட்டு வெளிப்பக்கமாகப் புடைத்து, நெல்லிக்காய் அளவுக்குச் சிவந்து நின்றது. சப்பாத்தை எடுத்துப் பார்த்தால், அந்த மூட்டு உரசுகிற இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. ஹாஜராவின் தையல் கத்தரியால் வெட்டியது. ஓட்டை வழியாக வெள்ளைக் காலுறை தெரியுமே என்று, அந்த இடத்தில் காலுறைக்குப் பள்ளிக்கூட மையைப் பூசியிருக்கிறாள் பிள்ளை.

"எத்தனை நாளாடி இப்படி?"

"ரொம்ப நாளா உம்மா."

"ஏன்டி சொல்லல?"

ருக்கையா தலையைக் குனிந்துகொண்டாள். "பெரிய சப்பாத்து வாங்கணும்னு சொன்னா, வயசு தெரிஞ்சிரும்ல."

ஹாஜரா அன்று சோறு ஆக்கவில்லை. பிள்ளை காலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். பெற்ற மகளின் காலைத் தன் கையாலேயே ஒடித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு முள்ளாக உள்ளே தங்கிவிட்டது.

எண்ணெய் தேய்த்தார்கள், உருவிவிடுகிற மலாய்க்காரரிடம் காட்டினார்கள். அவர் இது எலும்பு சமாசாரம், என் கைக்கு அடங்காது என்று நேர்மையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில் ஒருநாள் காலையில் ஹாஜரா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டிராம் ஏறி, வழியில் இறங்கி, பெரியாஸ்பத்திரிக்கு நடந்தாள். பத்து நிமிஷ நடை. ருக்கையாவுக்கு அரை மணி நேரம் ஆனது.

அங்கே டிரெஸர் பழனியப்பன் இருந்தார். புண் கட்டுவதும், தமிழ் நோயாளி சொல்வதை துவான் என்று எல்லோரும் அழைக்கிற வெள்ளைக்கார டாக்டருக்கு இங்கிலீஷில் சொல்வதும் அவர் வேலை. வாய் ஓயாத மனிதர், கை மட்டும் பூப் போல. துவான் டாக்டர் நெட்டையாக, தலையில் பாதி நரைத்து, முகத்தில் சிரிப்பில்லாமல் இருந்தார். ருக்கையாவின் பெருவிரலைப் பிடித்து நேராக்கிப் பார்த்தார், விட்டார். அது பழையபடி போய்ச் சாய்ந்துகொண்டது.

"வயசு என்னன்னு கேக்குறாரு."

"பன்னிரண்டு." கை முக்காட்டை இழுத்தது.

துவான் நீளமாக ஏதோ பேசினார். பழனியப்பன் மொழிபெயர்த்தார். "எலும்பை வெட்டி நேராக்கலாம்ங்கிறாரு. ஆனா இப்ப வேணாமாம். பன்னெண்டு வயசுன்னா எலும்பு இன்னும் வளருது. இப்ப நேராக்கி வச்சா, வளர வளரத் திரும்பக் கோணிக்கும். அப்புறம் மறுபடியும் கத்தி வைக்கணும். ரெண்டு வருசம் பொறுத்து வாங்க. அது வரைக்கும் அகலமான சப்பாத்து போடுங்க. ஆனா ஒண்ணு, துவான் அடுத்த மாசம் சீமைக்கு லீவுல போறாரு. அடுத்து வர்றவரு இந்த வேலை செய்வாரா இல்லையா, எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி ஒரு அங்சானா மரத்தடி வரை வந்தார்கள். ருக்கையா மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ரெண்டு வருசமா உம்மா?" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஹாஜரா தாங்கியிருப்பாள். "அந்த ரெண்டு வருசந்தான் எனக்கு ஏற்கெனவே ஆயிருச்சே."

ஹாஜராவுக்குப் புருஷன் முகம் கண்முன் வந்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது, பொய்ச் சத்தியம் செய்தால் ஜெயில் என்று ஆறு வருஷமாகப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்றும் சொல்லியிருந்தார். எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் காலோடு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவாள்?

"வாடி" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பினாள்.

பழனியப்பன் அடுத்த நோயாளிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னாக்கா, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஆமாண்ணே. வயசை மறந்துட்டேன்." சொல்லும்போது ஹாஜராவின் இரண்டு கையும் மகளின் தோளில் இருந்தன. முக்காட்டுப் பக்கமே போகவில்லை. "இவளுக்குப் பதினாலு முடிஞ்சு போச்சு. பள்ளிக்கூடத்துக்காக ரெண்டு வருசம் குறைச்சு எழுதினோம். துவான்கிட்ட சொல்லுங்க. போலீசைக் கூப்பிடணும்னா கூப்பிடட்டும். புள்ள கால சரியாக்கிட்டுக் கூப்பிடட்டும்."

பழனியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போலீசா? யக்கா, இந்த வார்டுல உள்ள ஆளுங்க சொல்ற வயசெல்லாம் நம்பினா, பாதிப் பேரு தன் தம்பிக்கு அப்புறம் பொறந்தவங்களா இருக்கணும்."

துவான் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. வாயால் சொன்ன வயதை இனி நம்புவதாயில்லை என்கிற மாதிரி, பிள்ளையை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினார். மறுவாரம் வந்தபோது அந்தத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். விரலெலும்பின் நுனியில் வளர்கிற இடம் ஒரு கோடு போலத் தெரியுமாம். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கோடு நன்றாகத் திறந்திருக்கும். ருக்கையாவுக்கு அது கிட்டத்தட்ட மூடிவிட்டது.

"நீங்க சொன்னது நெசந்தான், எலும்பும் அதையேதான் சொல்லுதுங்கிறாரு" என்றார் பழனியப்பன். "லீவுல போறதுக்கு முந்தி செஞ்சுரலாமாம். தகப்பன் வந்து சம்மதக் காகிதத்துல கையெழுத்துப் போடணும். காகிதத்துல சரியான வயசைத்தான் எழுதுவாராம்."

ஹாஜராவுக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி வீட்டில் மாட்டிக்கொண்டு நின்றது.

அலாவுதீன் குதித்தார். அந்தச் சாதுவுக்கு அவ்வளவு சத்தம் வரும் என்று ஹாஜராவுக்கே அன்றுதான் தெரியும்.

"உன்கிட்ட என்ன சொல்லி வச்சேன்? ஒரு காகிதத்துல பன்னெண்டு, ஒரு காகிதத்துல பதினாலு, ரெண்டுலயும் என் கையெழுத்து! நாளைக்கு எவனாச்சும் ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாத்தா, என்னைக் கையும் களவுமாப் புடிச்சுருவான். தாக்கூட்டா இருக்குலா எனக்கு!"

"எனக்கும் பயந்தான். ஆறு வருசமா பயந்தேன். பயந்துதான் புள்ளைக்குச் சின்ன சப்பாத்தா வாங்கி மாட்டிவிட்டேன்" என்றாள் ஹாஜரா. "இங்க பாருங்க" என்று அந்த ஓட்டைச் சப்பாத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "உங்க மக வெட்டினது. உங்க கடையில இப்படி வட்டமா வெட்டத் தெரிஞ்ச ஆளு இருக்கா?"

அலாவுதீன் சப்பாத்தை எடுத்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். அதன் ஓரத்தில் காய்ந்த ரத்தம் கறுத்திருந்தது. சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புதுச் சொங்கோக்கை வைத்துக்கொண்டு, குடையும் கையுமாகக் கிளம்பினார். எங்கே என்று கேட்கும்முன் வாசலைத் தாண்டிவிட்டார். ஹாஜரா ஊசியைக் கையில் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தையல் உருப்படியாக விழவில்லை.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். குடை இல்லை. வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். ஆனால் முகம்! கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டு வர்றேன். பெரிய மிஸ்ஸைப் பாத்தேன்."

"அல்லாவே! என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் சொன்னேன். வேற யாராச்சும் சொல்றதுக்கு நானே சொல்லிருவோம்னு போனேன். அந்தம்மா முழுசாக் கேட்டுட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இது எனக்கு மொத நாளே தெரியும்'னுச்சு."

"எப்படித் தெரியுமாம்?"

"ஆறு வயசுப் புள்ளைக்கு முன்பல்லு விழுந்து ஓட்டையா இருக்குமாம். நம்ம புள்ள மொத நாளு சிரிச்சப்ப மேல ரெண்டு பல்லும் பெருசா, புதுசா, முழுசா மொளைச்சு நின்னுச்சாம். அந்தம்மா அன்னிக்கே சிரிச்சுக்கிட்டுப் பேரை எழுதிருச்சாம். படிக்க வந்த புள்ளைய எதுக்குத் திருப்பி அனுப்பணும்னு விட்டுருச்சாம். இப்ப புத்தகத்துல சரியான வயசைத் திருத்திருச்சு. காலு ஆறினதும் புள்ளைய அனுப்புங்க, கடைசி பெஞ்சி அவளுக்காக இருக்கும்னு சொல்லுச்சு."

ஹாஜரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒன்று வந்தது. ஆறு வருஷம்! சடையை இரண்டாகப் பின்னி, கவுனைக் குட்டையாக்கி, சப்பாத்தைச் சின்னதாக வாங்கி, ஒருத்தருக்கும் தெரியாது என்று இவர்கள் பயந்து பயந்து செத்ததெல்லாம், முதல் நாளே தெரிந்திருந்த ஒருத்திக்காகவா!

"குடை எங்க?" என்று கேட்டாள்.

"ஐயோ, அங்கயே விட்டுட்டேன்" என்றார் அலாவுதீன்.

கையெழுத்துப் போட அலாவுதீன் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றுதான் ஹாஜராவின் மனசில் தைத்திருந்த முள்ளும் வெளியே வந்தது. அவர் வாழ்நாளில் மூடின சப்பாத்து போட்டவரில்லை. வார்ச் செருப்புத்தான். அதையும் துவானின் அறை வாசலில் மரியாதைக்காகக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். சம்மதக் காகிதத்தின் மேல் குனிந்தார். துவான் காகிதத்தைப் பார்க்கவில்லை. கண் அலாவுதீனின் காலில் நிலைத்துவிட்டது. பேனாவால் சுட்டிக் காட்டிப் பழனியப்பனிடம் ஏதோ சொன்னார்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அலாவுதீனின் இரண்டு பெருவிரலும் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. மூட்டு இரண்டும் வெளியே புடைத்திருந்தன. அச்சு அசல் ருக்கையாவின் கால்!

கல்யாணமாகிப் பதினாறு வருஷமாகியும் ஹாஜரா அதை ஒரு பொருட்டாகப் பார்த்ததில்லை. அவருக்கு அது வலித்ததும் இல்லை. அகலமான செருப்பில் சுதந்திரமாகக் கிடந்த கால்.

"அண்ணே, துவான்கிட்ட ஒண்ணு கேளுங்க" என்றாள். "நான் சின்ன சப்பாத்து போட்டுவிட்டதாலதானே புள்ளைக்கு இப்படி ஆச்சு?"

துவான் பொறுமையாகப் பதில் சொன்னார். பழனியப்பன் அதைத் தன் பாணியில் திருப்பினார். "இல்லையாம். இது தகப்பன் வழிச் சொத்தாம். நீங்க பெரிய சப்பாத்தே வாங்கிக் குடுத்திருந்தாலும் எலும்பு சாஞ்சுதான் இருக்கும். சின்ன சப்பாத்து என்ன பண்ணுச்சுன்னா, சண்டையப் பெருசாக்கிருச்சு. வலியும் புண்ணும் அதனால. ஆனா சண்டைய மூட்டிவிட்டது அது இல்ல."

"நெசமாவா?"

"துவான் சும்மா ஆறுதலுக்குப் பேசுற ஆளு இல்லக்கா. நான் பத்து வருசமாப் பாக்குறேன்."

ஹாஜராவுக்கு அந்த நிமிஷம் நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை எடுத்துக் கீழே வைத்த மாதிரி இருந்தது. செய்தது தப்புத்தான், அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளையின் காலை ஒடித்தவள் அவள் இல்லை. அலாவுதீனோ தன் காலையே முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். "சொத்துன்னு இதைத்தான் குடுத்தேனா?" என்று முனகினார். பிறகு காகிதத்தில் பதினான்கு என்று எழுதியிருந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டார்.

வலது காலில் மட்டும் கத்தி வைத்தார்கள். இடது கால் அவ்வளவு மோசமில்லை, அகலச் சப்பாத்தே போதும் என்றார் துவான். மூக்கில் மருந்துத் துணியை வைத்துத் தூங்கப் பண்ணி, புடைத்திருந்த எலும்பைச் செதுக்கி, விரலுக்குப் பின்னாலிருந்த எலும்பை வெட்டி நேராக நிறுத்தி, முழங்காலுக்குக் கீழே வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். கண் விழித்த பிள்ளை முதலில் வாந்தி எடுத்தாள். அப்புறம், "முடிஞ்சுருச்சா உம்மா?" என்றாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. அந்தக் காலத்தில் கத்தி வைத்த இடத்தில் சீழ் பிடித்தால் காலே போகும், சில பேருக்கு உயிரும் போகும். ஹாஜரா வார்டு வராந்தாவில் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். துவான் வந்து மாவுக்கட்டில் ஜன்னல் மாதிரி ஒரு சதுரம் வெட்டி உள்ளே பார்த்தார். பழனியப்பன் தலையை வெளியே நீட்டி, "சுத்தமா இருக்குக்கா! தையல் பளிச்சுன்னு இருக்கு! இது வெறும் சளிக் காய்ச்சல், போயி ஒரு கோப்பி குடிங்க" என்று கத்தினார். நர்ஸ் அவரை முறைத்தாள். மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

துவான் கப்பலேறுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆறாவது வாரம் பழனியப்பனே மாவுக்கட்டைப் பிரித்தார். உள்ளே இருந்து வந்த கால் மெலிந்து, தோல் உரிந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. ஆனால் பெருவிரல் நேராக நின்றது. பக்கத்து விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு இடைவெளி.

"துவான் சொல்லிட்டுப் போயிருக்காரு, கேட்டுக்குங்க" என்றார் பழனியப்பன். "கொஞ்சம் திரும்பச் சாஞ்சாலும் சாயும். வருசம் ஒருதடவை கொண்டாந்து காட்டணும். முனை கூரான சப்பாத்து ஆயுசுக்கும் ஆகாது. ம், இப்ப காலை ஊணு பாப்பா."

ருக்கையா கட்டிலைப் பிடித்துக்கொண்டு காலை ஊன்றினாள். உதட்டைக் கடித்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. "வலிக்குது. ஆனா அந்த வலி இல்ல உம்மா, இது வேற" என்றாள். ஹாஜரா அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

இன்னும் இரண்டு மாதம் பழக்கி நடக்க வைத்த பிறகு, அதே சீனர் கடைக்குப் போனார்கள். சப்பாத்துக்காரர் தாளில் காலை வரைந்தார். மறுபடி அதே பாட்டுத்தான். "காக்கி புசார்லா!"

"ஆமா, புசார்தான்" என்றாள் ஹாஜரா. "அதுக்கு ஏத்த மாதிரி, முனை அகலமா செஞ்சு குடுங்க."

பள்ளிக்கூடம் திரும்புகிற நாள் வந்தது. ருக்கையா ஒற்றைச் சடை போட்டிருந்தாள். கவுன் முழங்காலுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. புதுச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் டக் டக்கென்றது. அவள் நொண்டாமல் டிராம் படியில் ஏறுவதை ஹாஜரா பின்னால் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, அப்புறம் தானும் ஏறினாள்.

சின்னையா டிக்கெட்டுக் கட்டோடு வந்தார். நாலைந்து மாதமாகப் பார்க்காத பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சண்டை போட்டுச் சலித்துப் போயிருக்கும் போல, தானாகவே அரை டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

"எப்பவும்போல ஒரு முழுசு, ஒரு அரை. அதானேக்கா?"

"இல்லண்ணே. ரெண்டும் முழுசு." ஹாஜராவின் கை மடியில் அசையாமல் கிடந்தது. "பாப்பாவுக்கு வயசு பதினாலு முடிஞ்சிருச்சு."

டிராமில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹாஜரா முக்காட்டைத் தொடவே இல்லை.

"அப்பாடா!" என்றார் சின்னையா. "ரெண்டு வருசமாக் கேட்டேன். இன்னிக்குத்தான் உங்க வாயில இருந்து வந்துச்சு."

இரண்டு முழு டிக்கெட்டுகளைக் கிழித்து, ஒன்றை ருக்கையாவின் கையிலேயே கொடுத்தார். ருக்கையா அதை வாங்கிக்கொண்டாள். பிறகு, இரண்டு வருஷமாக அந்த டிராமில் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டாள்.